நாய்க்கு உண்ணிக் குளிசை: கருமபீடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஒரு மிருக வைத்தியரின் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கினால் கருமபீடத்துக்கு முன்னால் ஒரே கதைதான்: "உண்ணிக்கு வாயால குடுக்கிற குளிசை ஒண்டு இருக்காமே?" இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் வாங்கிக்கொண்டு போய், "காசு வீணாப் போச்சு" என்று திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் குளிசையில் குறை இருப்பது அரிது. நாயை நிறுக்காமல் கொடுத்திருப்பார்கள், அல்லது நாய் படுக்கிற இடத்தை மறந்திருப்பார்கள். கீழே உள்ளவை எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

என் நாய்க்கு இருப்பது தெள்ளா, உண்ணியா? எப்படிப் பிரித்தறிவது?

உண்ணி ஓடாது. காதின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழே, வாலடி என்று ஓரிடம் பிடித்தால் அங்கேயே ஒட்டியிருக்கும். இரத்தம் குடித்த பெண் உண்ணி ஆமணக்கங்கொட்டை போலச் சாம்பல் நிறத்தில் உப்பிவிடும். தெள்ளு மயிருக்குள் ஓடும், பாயும், கண்ணில் படுவதே கஷ்டம். அதனால் தெள்ளைத் தேடாமல் அதன் கழிவைத் தேடுங்கள். வாலடியில் மயிரை விலக்கிச் சீப்பால் இழுத்து, விழுகிற கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் துணியில் போடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக நிறம் கசிந்தால் அது தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம். கசியாவிட்டால் வெறும் மண்.

எங்கள் ஊர் நாய்கள் பலவற்றில் இரண்டுமே இருக்கும். ஆனாலும் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். தெள்ளுக்கு மட்டும் வேலை செய்யும் குளிசைகளும் உண்டு. அதை உண்ணிக்கு வாங்கிக்கொண்டு போய்ப் பயனில்லை.

வயிற்றுக்குள் போகிற மருந்து தோலில் இருக்கிற உண்ணியை எப்படிக் கொல்லும்?

இரத்தம் வழியாக. குளிசை குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. உண்ணியோ தெள்ளோ கடித்து உறிஞ்சும்போது மருந்தும் அதன் உடலுக்குள் போகிறது. இப்போது அதிகம் புழங்கும் ஐசோக்ஸசோலின் வகை மருந்துகள், பூச்சிகளின் நரம்பில் காபா, குளூட்டமேற் என்ற நரம்புச் செய்திப் பொருள்களால் இயங்கும் குளோரைட் வாயில்களை அடைக்கின்றன. நரம்பு கட்டுப்பாடின்றித் துடித்து, பூச்சி விறைத்துச் செத்துவிடும். நாயின் நரம்பிலும் காபாவால் இயங்கும் வாயில்கள் இருக்கின்றன. ஆனால் இந்த மருந்து பூச்சியின் வாயிலைப் பிடிக்கிற அளவுக்கு நாயினுடையதைப் பிடிப்பதில்லை. கொடுக்கலாம் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். வலிப்பு உள்ள நாய்க்கு யோசித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்கும் காரணம் அதுதான்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது: கடிக்காத பூச்சி சாகாது. இந்தக் குளிசை பூச்சியை விரட்டும் மருந்து இல்லை.

எந்தெந்தக் குளிசைகள் இருக்கின்றன?

ஐசோக்ஸசோலின் குடும்பத்தில் நான்கு. அபோக்ஸோலனர் (நெக்ஸ்கார்ட்), சாரோலனர் (சிம்பாரிக்கா), லோட்டிலனர் (கிரெடெலியோ) ஆகிய மூன்றும் மாதம் ஒருமுறை. ஃப்ளூரலனர் (பிராவெக்டோ) கிட்டத்தட்ட 12 வாரத்துக்கு ஒருமுறை, சில உண்ணி இனங்களுக்கு அதைவிடக் குறைவாகவே தாங்கும். நான்கும் தெள்ளு, உண்ணி இரண்டையும் கொல்லும். ஃப்ளூரலனரையும் லோட்டிலனரையும் வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். சாப்பாட்டோடு கொடுத்தால்தான் மருந்து சரியாக உறிஞ்சப்படும்.

தெள்ளுக்கு மட்டும் என்றால் இரண்டைச் சொல்லலாம். நைட்டென்பைராம் அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கி, ஒரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். ஸ்பினோசாட் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது, மாதம் ஒருமுறை கொடுப்பது, சாப்பாட்டோடுதான். அதைக் கொடுத்தால் சில நாய்கள் சத்தி எடுக்கும்.

பெயரோடு கூடுதலாக ஒரு சொல் ஒட்டியிருந்தால், உதாரணமாக நெக்ஸ்கார்ட் ஸ்பெக்ட்ரா, சிம்பாரிக்கா ட்ரையோ, அதில் புழு மருந்தும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொடுத்துவிட்டுத் தனியாகப் புழுக்குளிசையும் கொடுக்கத் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கொடுத்து ரெண்டு நாள் அண்ணா, இன்னும் உண்ணி ஊருது. டுப்ளிகேட் மருந்தா?

அவசரப்படாதீர்கள். தெள்ளு சில மணித்தியாலத்தில் சாகத் தொடங்கும். உண்ணிக்கு மருந்தைப் பொறுத்து அரை நாள் முதல் 2 நாள் வரை செல்லும். செத்த உண்ணி உடனே விழுவதும் இல்லை. வாயுறுப்பு தோலில் பொருந்தியபடியே காய்ந்து, சுருங்கி, பிறகுதான் உதிரும். விரலால் தொட்டுப் பாருங்கள்: கால்கள் அசையாமல், தட்டையாக, மொறுமொறுவென்று இருந்தால் அது பிணம்.

ஊர்ந்து திரிகிற உண்ணி என்றால், அது இன்னும் கடிக்காமல் புதிதாக ஏறியது. கடித்த பிறகு சாகும். அடுத்த நாளும் அதே இடத்தில் உப்பிக்கொண்டு உயிரோடு இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது முதலில் கேட்க வேண்டியது, குளிசை உண்மையிலேயே வயிற்றுக்குள் போனதா என்பது. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்து, நாங்கள் திரும்பியதும் பூச்சட்டிக்குப் பின்னால் துப்பிவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். கொடுத்த பிறகு சில நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள். நெக்ஸ்கார்ட் கொடுத்து 2 மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் முழு அளவை மறுபடி கொடுக்கலாம் என்று அதன் குறிப்பு சொல்கிறது. மற்றவற்றுக்கு வைத்தியரைக் கேளுங்கள்.

நிறை பார்க்கத்தான் வேணுமா? நடுத்தர நாய்தானே.

கட்டாயம். "நடுத்தரம்" என்று வருகிற நாய் 9 கிலோவாகவும் இருக்கும், 22 கிலோவாகவும் இருக்கும். குளியலறைத் தராசு போதும்: நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழியுங்கள். தராசு இல்லாவிட்டால் கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள், நாங்கள் நிறுத்துத் தருகிறோம்.

நெக்ஸ்கார்டில் 2 முதல் 4 கிலோவுக்கு ஒன்று, 4 முதல் 10 வரை ஒன்று, 10 முதல் 25, 25 முதல் 50 என்று நான்கு அளவுகள். பிராவெக்டோவின் கட்டங்கள் வேறு: 2 முதல் 4.5, 4.5 முதல் 10, 10 முதல் 20, 20 முதல் 40, 40 முதல் 56 கிலோ. ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போடாதீர்கள்.

அமெரிக்காவில இருந்து சித்தப்பா பெட்டியோட அனுப்பியிருக்கிறார். குடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் பெட்டியில் எழுதியிருப்பது கிலோவா, இறாத்தலா என்று பார்த்துவிட்டு. அமெரிக்கப் பெட்டியில் "10.1 முதல் 24 வரை" என்று போட்டிருப்பது இறாத்தல். 24 இறாத்தல் என்பது ஏறத்தாழ 11 கிலோ. அதை 18 கிலோ நாய்க்குக் கொடுத்தால் என்ன ஆகும்? அபோக்ஸோலனர் கிலோவுக்குக் குறைந்தது 2.5 மில்லிகிராம் போக வேண்டும், 18 கிலோவுக்கு 45 மில்லிகிராம். அந்தக் குளிசையில் இருப்பது 28.3. நாய்க்கு ஒன்றும் ஆகாது. உண்ணிக்கும் ஒன்றும் ஆகாது! பிறகு மருந்தைத் திட்டிக்கொண்டு வருவீர்கள்.

காலாவதித் திகதியையும் பாருங்கள். பயணப்பெட்டியில் கிடந்து, அலுமாரியில் கிடந்து, போன வருஷம் முடிந்த மருந்துகளை இங்கே நிறையப் பார்க்கிறோம்.

பெரிய குளிசையை வாங்கி ரெண்டு சின்ன நாய்க்குப் பாதி பாதியாகக் கொடுத்தால் காசு மிச்சம்தானே?

வேண்டாம். இந்தக் குளிசைகள் உடைத்துக் கொடுக்கச் செய்யப்பட்டவை அல்ல. கத்தி வைத்தால் சரிபாதியாக வராது, ஒன்றுக்குக் குறைந்து மற்றதற்குக் கூடும்.

வலிப்பு வரும் என்று சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதை ஒளிக்கக் கூடாது. 2018 செப்டெம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஐசோக்ஸசோலின் குடும்பம் முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சில நாய்களில் தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஏற்படலாம், முன்பு வலிப்பே வராத நாய்க்கும் வரலாம் என்று. அதே அறிவிப்பு, பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை என்றும் சொன்னது, மருந்துகளைச் சந்தையிலிருந்து எடுக்கவும் இல்லை. ஆட்கள் இந்த இரண்டு வரியில் ஒன்றை மட்டும் பகிர்ந்து, ஒன்றில் பயப்படுத்துகிறார்கள், இல்லாவிட்டால் அலட்சியப்படுத்துகிறார்கள்.

எங்கள் வைத்தியர் செய்வது இப்படி: முன்பு வலிப்பு வந்த நாய், தலையில் அடிபட்ட நாய், சின்ன வயதில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்து இன்னும் கால் துடிக்கிற நாய், இவற்றுக்கு இந்தக் குளிசையை எழுதமாட்டார். முதுகில் விடும் சொட்டு மருந்தோ கழுத்துப்பட்டியோதான். ஆகவே வலிப்புக் கதை ஏதாவது இருந்தால், நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். ஸ்பினோசாட்டும் அந்த நாய்களுக்கு யோசித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

மற்றப்படி நாங்கள் காண்பவை சத்தி, வயிற்றோட்டம், ஒரு நாள் சோர்வு, சாப்பாட்டில் விருப்பமின்மை. இவை தானாகவே போய்விடும். முதல் முறை கொடுப்பதைக் காலையில் கொடுங்கள், பகல் முழுக்க நாய் கண்ணெதிரே இருக்கட்டும். இராத்திரி கொடுத்துவிட்டுப் படுத்தால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

குட்டிகளுக்கு?

மருந்துக்கு மருந்து வேறுபடும். நெக்ஸ்கார்ட் 8 வார வயதும் 2 கிலோ நிறையும் ஆனபிறகு. பிராவெக்டோவுக்கு ஐரோப்பாவில் 8 வாரம், அமெரிக்காவில் 6 மாதம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். நைட்டென்பைராம் மட்டும் 4 வாரத்திலிருந்து, நிறை ஏறத்தாழ 1 கிலோ இருந்தால் கொடுக்கலாம்.

அதற்கும் சின்னக் குட்டி என்றால் மருந்தே வேண்டாம். ஈர்கொல்லிச் சீப்பும் சவர்க்காரத் தண்ணீரும்தான். சீப்பில் வந்ததைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள், குட்டியைக் குளிரவிடாமல் துடையுங்கள், தாய்க்கு வைத்தியரைக் கேட்டு மருந்து கொடுங்கள். இதை அற்பமாக நினைக்கக் கூடாது. சாக்கில் கிடக்கும் மூன்று வாரக் குட்டியின் இரத்தத்தைத் தெள்ளுக் கூட்டம் குடித்தே கொன்றுவிடும். பல்முரசு வெளிறியிருந்தால் அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

நாங்க சைவம். இதில மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி இருக்காம்?

சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் கேட்கிற நியாயமான கேள்வி. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பவர்களும் உண்டு, அதனால் நேராகச் சொல்கிறேன். நெக்ஸ்கார்டில் மாட்டிறைச்சி வாசனைச் சேர்மானம் இருக்கிறது. பிராவெக்டோவில் பன்றி ஈரல் சுவை. சிம்பாரிக்காவிலும் பன்றி ஈரல் தூள். நாய் ஆசையாகத் தின்னட்டும் என்று சேர்த்தது. கையால் தொட விருப்பமில்லாவிட்டால் உறையைப் பிரித்து நேரே நாயின் தட்டில் விழுத்தலாம், அல்லது கிளினிக்கிலேயே கொடுத்துவிடச் சொல்லலாம். அதுவும் சரிவராது என்றால் சொட்டு மருந்து இருக்கிறது. இறைச்சி ஒவ்வாமை உள்ள நாய்க்கும் இந்தச் சேர்மானத்தை வைத்தியரிடம் நினைவூட்டுங்கள்.

குளிசையை மீனுக்குள் ஒளித்துக் கொடுப்பவர்கள் சூடை மீன் துண்டொன்றில் முள்ளை எடுத்துவிட்டு வைத்துக் கொடுங்கள். முள்ளோடு கொடுத்து அதற்கு வேறு சிகிச்சை பார்க்க வேண்டாம்.

கிழமைக்கு ஒருக்கா கடலில முக்கி எடுக்கிறம். உப்புத் தண்ணிக்கு உண்ணி சாகாதா?

சாகாது. உப்புவெளிக் கரையில் ஞாயிறு காலையில் நாய்களைக் குளிப்பாட்டுவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடித்திருக்கும் உண்ணி அந்தக் கொஞ்ச நேரத் தண்ணீருக்கு அசையாது. நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் உப்புக் காய்ந்து, ஏற்கெனவே சொறிந்த தோல் இன்னும் எரியும். வாயால் கொடுக்கும் மருந்தின் வசதி இங்கேதான்: கடலில் குளித்தாலும் மழையில் நனைந்தாலும் கழுவிப் போகாது. பிள்ளைகள் கட்டிப்பிடித்தாலும் கையில் ஒட்டாது.

மண்ணெண்ணெய், பினைல், வயலுக்கு அடிக்கிற மருந்து மூன்றையும் நாயின் உடம்பில் பூசவே கூடாது. வாய் நுரைதள்ளி, நடுங்கிக்கொண்டு வருகிற நாய்களின் பின்னால் பெரும்பாலும் ஒரு விவசாய மருந்துப் போத்தல் இருக்கும். வெள்ளைப்பூண்டு அரைத்துச் சோற்றில் கலப்பதும் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் செங்குருதிக் கலத்தை உடைக்கும். உண்ணி கடித்துப் பரவும் உண்ணிக் காய்ச்சல்கள் சிலவும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

மாட்டுக்குப் போடுற ஐவமெக்டின் ஊசியை நாய்க்கும் போட்டால் மலிவாச்சே?

மலிவுதான். மாட்டுக்குச் செய்த செறிவில் நாய்க்கு அளவு எளிதில் கூடிவிடும், கூடினால் நஞ்சு. கோலி போன்ற நாய் இனங்களில் ஒரு மரபணு மாற்றம் காரணமாக அது மூளைக்குள் புகுந்துவிடும். இத்தனை ஆபத்தையும் எடுத்து, தெள்ளுக்கும் உண்ணிக்கும் அது நம்பக்கூடிய மருந்தும் இல்லை. ஸ்பினோசாட் கொடுத்த நாய்க்கு ஐவமெக்டினும் கூடிய அளவில் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். சொறிக்காகத்தான் அந்த ஊசியைத் தேடுகிறீர்கள் என்றால், ஐசோக்ஸசோலின் குளிசைகள் சொறிப் பூச்சிக்கும் நன்றாகக் கேட்கின்றன. வைத்தியர் தோலைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

மான்கள் வளவுக்குள்ள வருது. உண்ணி அதிலயிருந்துதானே?

கோட்டைப் பக்கமும் நகருக்குள்ளும் புள்ளிமான் திரிகிற ஊரில் இது வராமல் இருக்காது. மான், மாடு, ஆடு ஏற்றிக்கொண்டு வரும் சில உண்ணிகள் புல்லில் காத்திருந்து நாயிலும் ஏறும். ஆனால் வீட்டுச் சுவரில் ஏறி, யன்னல் நிலையின் வெடிப்பில் கூட்டமாக இருக்கிற அந்தப் பழுப்பு உண்ணியை மான் கொண்டுவரவில்லை. அது நாயோடே வாழ்கிற இனம். குஞ்சு, இளசு, பெரிசு என்று மூன்று பருவத்திலும் நாயில்தான் குடிக்கும், ஒவ்வொரு முறையும் குடித்துவிட்டு இறங்கிப் பொந்தில் ஒளிக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கவும் அதற்குத் தெரியும். மானைக் கலைக்கிற நேரத்தில் சீமெந்து குழைத்து அந்த வெடிப்பைப் பூசுங்கள்.

அப்போ வளவுக்கு என்ன செய்வது?

தெள்ளில் நாயின் மேல் நீங்கள் காண்பது மிகச் சிறு பங்கு. மிச்சமெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் நாய் படுக்கிற இடத்தில் இருக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை இடும், அவை மயிரிலிருந்து உருண்டு விழும். புழுவுக்கு ஈரமும் நிழலும் வேண்டும். கச்சான் காற்றில் காய்கிற வெட்டவெளி மணலில் அது வாழாது. ஆகவே முற்றம் முழுக்க மருந்தடிக்காதீர்கள். மாமரத்தடிக் குழி, கவிழ்த்து வைத்த வள்ளத்தின் கீழ், படிக்கட்டுக்கு அடியில், மாட்டுக்கொட்டில் மூலை என்று நாய் மத்தியானம் எங்கே படுக்கிறதோ அங்கே பாருங்கள். சாக்கை எரியுங்கள், துணியைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள், மணலைக் கிளறி வெயில் படவிடுங்கள், வீட்டுக்குள் கதிரை மெத்தையின் மடிப்பைத் தூசு உறிஞ்சியால் இழுங்கள்.

இவ்வளவு செய்தாலும் கூட்டுக்குள் இருப்பது வாரக்கணக்கில் புதிதாக வெளிவந்துகொண்டேதான் இருக்கும். அதனால் முதல் மாதத்தோடு நிறுத்தாமல், வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் ஒரே நாளில், குறைந்தது 3 மாதம் தொடருங்கள். ஒன்றுக்குக் கொடுத்து மற்றதை விட்டால் விட்ட நாய் பண்ணையாகிவிடும். உண்ணி இங்கே எல்லாக் காலமும் இருப்பதால், உண்ணிக்கென்றால் வருஷம் முழுக்கக் கொடுப்பதுதான் சரி.

குளிசை குடுத்தால் உண்ணிக் காய்ச்சல் வராதா?

குறையும், ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. உண்ணி கடித்த பிறகுதான் சாகிறது. எர்லிக்கியா கிருமி கடித்த சில மணித்தியாலத்திலேயே உள்ளே போய்விடலாம். செங்குருதிக் கலத்தை உடைக்கும் பபீசியா என்ற கிருமியும் நம் நாட்டு நாய்களில் சாதாரணம். காய்ச்சல், சாப்பிடாமை, முரசு வெளிறல், மூக்கால் இரத்தம், தேயிலைச் சாயம் போன்ற சிறுநீர், இதில் ஏதாவது கண்டால் இன்னொரு உண்ணிக் குளிசை வாங்க வராதீர்கள், நாயைக் கொண்டு வாருங்கள். இரத்தம் பார்க்க வேண்டும். எர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் வழக்கமாக 4 வாரம் கொடுக்கிறார்கள். ஐந்தாம் நாள் நாய் துள்ளத் தொடங்கியதும் நிறுத்துகிறவர்கள் அடுத்த மாதம் திரும்ப வருவார்கள்.

கையால் உண்ணி பிடுங்குவதென்றால் குறட்டால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்புக்குச்சி வேண்டாம், நகத்தால் நசுக்கவும் வேண்டாம். வீட்டில் யாருக்காவது உண்ணி கடித்த பிறகு காய்ச்சலும் தோலில் புள்ளிகளும் வந்தால், ஆஸ்பத்திரியில் உண்ணிக் கதையையும் சொல்லுங்கள்.

தெருநாய்களுக்கும் குடுக்க ஆசை. எப்படி?

கட்டாக்காலி நாய்களுக்கு மாதாமாதம் கொடுப்பது நடக்காத காரியம். ஆகவே 12 வாரக் குளிசைதான் வசதி. எங்கள் தெருக்களில் வளர்ந்த நாய் பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ கட்டத்துக்குள் விழும். சந்தேகமிருந்தால் தூரத்திலிருந்து படம் எடுத்து வந்து வைத்தியரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு நாயாகப் பிரித்து, அது விழுங்கும் வரை நின்று கொடுங்கள். கூட்டத்துக்குள் எறிந்தால் பலமான நாய் எல்லாவற்றையும் தின்னும். வலிப்பு வந்ததைக் கண்ட நாய்க்குக் கொடுக்காதீர்கள். தெருநாய்க்கு விசர்த் தடுப்பூசி போடப்படவில்லை என்றால், குளிசை, ஊசி இரண்டில் முதலில் செய்ய வேண்டியது ஊசி.

நாயின் குளிசையைப் பூனைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. பூனைக்கென்று தனியாக மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். நாய்க்கு விடும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனையைக் கொல்லும், நாயை நக்கினாலே போதும். வீட்டில் பூனையும் இருக்கிறது என்பதைக் கருமபீடத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.